எனக்கும் ஒரு திட்டு

எங்கள் முதலாளிக்குத் திட்டத் தெரிந்த அளவுக்குத் திண்டுக்கல்லில் வேறு யாருக்கும் திட்டத் தெரியாது. இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன். காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே ஆரம்பித்துவிடுவார். முதலில் ஷட்டரைத் திட்டுவார். பிறகு அதற்கு எண்ணெய் போடாத லோடுமேனைத் திட்டுவார். பிறகு குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியைக் கடை வாசலை மறித்து நிறுத்திய டிரைவரை. டீ ஆறிப்போய் வந்தால் டீக்கடைக்காரரை, சூடாக வந்து நாக்கைச் சுட்டால் மறுபடியும் அவரையே.

அவர் வைத்திருப்பது வாடகைப் பாத்திரக் கடை. பாத்திரம் என்று பெயரே தவிர, அண்டா குண்டான் மட்டுமில்லை. சேர், டேபிள், ஷாமியானா, ஜமுக்காளம், சீரியல் லைட், கல்யாண வாசலில் கும்பிட்டபடி நிற்கும் வணக்கம் பொம்மை, சாவு வீட்டில் பிரேதத்தை வைக்கிற ஐஸ் பெட்டி வரைக்கும் எல்லாம் உண்டு. போனது போனபடி திரும்பி வராது. கரண்டி குறையும், சேருக்குக் கால் போயிருக்கும், ஜமுக்காளத்தில் ரசம் காய்ந்திருக்கும். திட்டாமல் என்ன செய்வார், பாவம்.

நான் அங்கே சேர்ந்த புதிதில் அவர் எல்லாரையும் திட்டினார், என்னைத் தவிர. அதுதான் என் பிரச்சினை.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பெருமூளை வாதம். பிறந்தபோதே வந்தது. கால்கள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு நடக்கும். கை நடுங்கும். பேச்சு வரும், ஆனால் அது சாவகாசமாகத்தான் வரும். தபால் வழியில் பி.காம். முடித்திருக்கிறேன். புத்திக்கு ஒரு குறையும் இல்லை. கோபத்துக்கும் ஒரு குறையும் இல்லை, அது மூக்குக்கு மேலேயே குடியிருக்கிறது.

வேலைக்காக நான் ஏறி இறங்காத படி கிடையாது. ஏறுவதும் இறங்குவதும் எனக்குச் சாதாரணக் காரியமில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜவுளிக்கடைக்குப் போனேன். "உக்காருங்கம்மா, வெயில்ல வந்திருக்கீங்க" என்று மோர் கொடுத்தார்கள். ஒரு பள்ளிக்கூட ஆபீசுக்குப் போனேன், காபி கொடுத்தார்கள். ஒரு ஆஸ்பத்திரியில் பிஸ்கட்டும் வைத்தார்கள். எல்லா இடத்திலும் தேனாகப் பேசினார்கள், எல்லா இடத்திலும் கடைசியில் ஒரே வசனம்: "நாங்க சொல்லி அனுப்புறோம்மா." இன்றுவரை ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. அந்த மரியாதையான குரல் எனக்கு நன்றாகப் பழகிவிட்டது. அதைக் கேட்டதுமே செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவேன்.

ஒரு கடையில் மட்டும், பழ ஜூஸ் கடை அது, இரண்டு நாள் கல்லாவில் உட்காரவைத்தார்கள். மூன்றாம் நாள், "நீங்க ரெஸ்ட் எடுங்கம்மா" என்றார்கள். நான் என்ன பிரசவித்தவளா, ரெஸ்ட் எடுக்க?

என் அம்மா தாடிக்கொம்புப் பக்கம் பூந்தோட்டங்களில் கூலிக்குப் பூப் பறிக்கிறவள். கூலி வேலைக்காரர்களுக்குச் சம்பளத்தைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. சாயங்காலம் தோட்டத்துக்காரர் முகத்தைப் பார்த்து, "நாளைக்கு உண்டா?" என்று கேட்பார்கள். உண்டு என்றால் உலை வைக்கலாம் என்று அர்த்தம். நான் எந்த வேலையை விசாரித்துவிட்டு வந்தாலும் அம்மா அதே கேள்வியைத்தான் கேட்பாள். "என்னத்தா, நாளைக்கு உண்டா?" நான் கை கழுவப் போவேன். அவளும் திருப்பிக் கேட்கமாட்டாள்.

அப்படி இருக்கும்போதுதான் எங்களைப் போன்றவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, வேலையும் தேடிக் கொடுக்கிற ஒரு சென்டர் டவுனில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். கம்ப்யூட்டர், போன் பேசுவது, நேரத்துக்கு பஸ் பிடிப்பது எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். அதோடு விடமாட்டார்கள். வேலை கிடைத்ததும் நம்மோடு ஒரு ஆளையும் அனுப்புவார்கள். அந்த ஆள் முதலில் வேலையைத் தான் கற்றுக்கொண்டு, பக்கத்திலேயே இருந்து நமக்குப் பழக்கிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வருவதைக் குறைத்து, கடைசியில் காணாமல் போய்விட வேண்டும். வேலை செய்யச் செய்யத் தன் வேலையே இல்லாமல் போகிற மாதிரி ஒரு உத்தியோகம். எனக்கு வாய்த்தவள் குஜிலியம்பாறைப் பக்கத்துப் பெண். என்னைவிட ஐந்தாறு வயது இளையவள், சமூகப் பணி படித்தவள், துறுதுறுவென்று இருப்பாள். அவள் முதன்முதலாக வேலைக்குக் கூட்டிக்கொண்டு வந்த ஆளே நான்தான். கடையில் எல்லாரும் அவளை 'டீச்சர்' என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

முதலாளி ஒரு மாதம் பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டிருந்தார். மாதக் கடைசியில் என்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று சென்டருக்குச் சொல்ல வேண்டும். என் வேலை, போனில் வருகிற புக்கிங்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. வண்டி கிளம்பும்போது எந்த லோடு எந்தத் தெருவுக்கு என்று சீட்டு எழுதி டிரைவரிடம் கொடுப்பது. சாமான் திரும்பி வந்ததும் சரிபார்ப்பது.

போனில்தான் முதலில் வேடிக்கை. நான் "வணக்கம்" சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம், "ஹலோ, சிக்னல் இல்ல போல, செத்த வெளிய வந்து பேசும்மா" என்பார்கள். நானும் சளைக்காமல், "நான் வெளிய வந்தாலும் இப்படித்தான் பேசுவேன், நீங்க பொறுமையா கேளுங்க" என்பேன். அதைச் சொல்லி முடிக்கும்போது அவர்களுக்குப் பொறுமை தானாக வந்திருக்கும். ஒரு சமையல் மாஸ்டர், "உங்ககிட்ட பேசினா எனக்கும் நிதானமா யோசிக்க முடியுதும்மா, போன தடவ ஜல்லிக்கரண்டிய மறந்துட்டேன்" என்றுகூடச் சொன்னார்.

ஆனால் முதலாளிக்கு இதெல்லாம் கண்ணில் படவேயில்லை. காரணம் டீச்சர். சென்டர் சொன்னபடி முதலில் தான் கற்றுக்கொள்கிறேன் என்று இறங்கினாளே, அடேயப்பா! இரண்டே நாளில் எந்த அண்டாவில் எத்தனை பேருக்குச் சாம்பார் வைக்கலாம் என்று சொன்னாள். ஷாமியானாவை மடிக்கக் கற்றுக்கொண்டாள். கரண்டி பாக்கி வைத்தவரிடம் சிரித்துப் பேசியே கரண்டியைத் திருப்பி வாங்கினாள். முதலாளி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு விரலால் தட்டிக்கொண்டிருந்ததை யார் பார்ப்பார்கள்?

என்னிடம் எதையும் நேராகக் கேட்கமாட்டார். நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். "டீச்சர், அவங்க டீ குடிப்பாங்களா?" என்பார். "டீச்சர், அவங்களுக்கு பேன் காத்து போதுமா?" என்பார். டீச்சரும் மரியாதைக்கு என் பக்கம் திரும்பி, "அக்கா, டீ குடிக்கிறீங்களா?" என்பாள். நான் "குடிப்பேன்" என்று அவரைப் பார்த்துச் சொல்வேன். அவர் டீச்சரைப் பார்ப்பார். டீச்சர், "குடிப்பாங்களாம் சார்" என்பாள். ஒரு டீக்கு இம்புட்டு ஊர்வலம்.

ஒருநாள் லோடுமேன் ஒரு ஜல்லிக்கரண்டியைத் தொலைத்துவிட்டு வந்தார். ஐம்பது வயது மனுஷன், கடையிலேயே பழைய ஆள். முதலாளி அவருடைய அப்பாவில் ஆரம்பித்து பாட்டன், பூட்டன் என்று போய், அந்த வம்சத்தில் ஒருத்தன்கூட ஒரு கரண்டியை ஒழுங்காகப் பிடித்ததில்லை என்று நிரூபித்துவிட்டு, "சரி சரி, போய் சாப்பிட்டு வா, மதியம் லோடு இருக்கு" என்று முடித்தார். லோடுமேன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து என் பக்கத்தில் நின்று, "இன்னைக்குக் கொஞ்சம் கம்மிதான் தாயி" என்று சிரித்தார்.

அதே வாரம் நான் ஒரு புது ஜமுக்காளத்தில் டீயைக் கொட்டிவிட்டேன். முழு டம்ளர். முதலாளி ஓடி வந்தார். இதோ எனக்கும் ஒரு திட்டு என்று ஆசையாக இருந்தது. வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். வாயை மூடினார். "டீச்சர், பரவால்ல, அவங்க என்ன செய்வாங்க பாவம். இனிமே டீய நீங்களே ஆத்திக் குடுத்துருங்க" என்றார். மோர் கொடுத்தவர்களும் பிஸ்கட் வைத்தவர்களும் பேசிய அதே குரல். எனக்கு உடனே செருப்பு எங்கே கிடக்கிறது என்று கண் தேடியது.

மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது வந்தது இடி. சாயங்காலம் கடையில் கூட்டம் இல்லை. முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "டீச்சர், நான் ஒண்ணு சொல்றேன். பேசாம நீங்களே இங்க சேந்துருங்க. அங்க என்ன குடுக்குறாங்களோ அதுக்கு மேல நான் தாரேன்" என்றார். டீச்சர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். முதலாளியும் அப்போதுதான் நான் இருப்பதைக் கண்டவர் போல, "அவங்களும் வரட்டும், வேணாங்கல. உங்களுக்குத் துணையா உக்காந்துட்டுப் போகட்டும்" என்றார்.

நல்லா இருக்கிறதா கதை? எனக்குத் துணையாக வந்தவளுக்கு நான் துணையாம்!

அன்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் அவளிடம் பேசவில்லை. பஸ் ஸ்டாண்டில் வைத்துப் பேசினேன். பக்கத்தில் நின்ற பூக்காரி பூக் கட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "என் வேலைய எனக்குப் பழக்க வந்தியா, இல்ல எடுத்துக்க வந்தியா? ஒன்னைய யாரு இம்புட்டு நல்லா வேலை செய்யச் சொன்னது?" என்று கத்தினேன். எனக்குக் கத்தினாலும் வார்த்தை மெதுவாகத்தான் வரும், அதனால் சண்டை ரொம்ப நேரம் நடந்தது. அவள் கண் கலங்கிவிட்டாள். "நான் வரமாட்டேன்க்கா. ஆனா முகத்துல அடிச்ச மாதிரி சொன்னா அவரு கோவத்துல உங்களையும் வேணாம்னுட்டா?" என்றாள். அது நியாயமான பயம்தான். அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, நாளையிலேருந்து நான் மோசமா வேலை செய்யிறேன். அவரே என்னைய வேணாம்னு சொல்லிருவாரு" என்றாள். நானும் சரி என்றேன். இரண்டு பட்டதாரிகள் சேர்ந்து போட்ட திட்டம் இது.

மறுநாளிலிருந்து டீச்சர் சொதப்ப ஆரம்பித்தாள். ஷாமியானாவைச் சுருட்டி மூலையில் எறிந்தாள். "புதுசுதானே, மடிக்கிற கை சலிச்சுப் போகும்ல" என்றார் முதலாளி. சும்மா கிடந்த பெரிய குண்டானை, புக் ஆகிவிட்டது என்று போனில் சொல்லி ஒரு ஆர்டரைத் திருப்பியடித்தாள். "விடுங்க டீச்சர், அவன் வாடகைய இழுத்தடிப்பான்" என்றார். கடைசியில் வேறு வழியில்லாமல் மேஜையில் தலையை வைத்துத் தூங்கினாள். முதலாளி எங்கள் எல்லாரையும் பார்த்து உதட்டில் விரல் வைத்து, "சத்தம் போடாதீங்க. பாவம், குஜிலியம்பாறையிலிருந்து பஸ்ல வருது" என்றார். லோடுமேன் தன் வாழ்நாளில் முதல் தடவையாக அண்டாவைச் சத்தமில்லாமல் இறக்கி வைத்தார். எனக்கு வயிறு எரிந்தது. அவள் செய்தால் புதுசு, நான் செய்தால் பாவம். அவளுக்குப் பழகிவிடும், எனக்கு முடியாது. ஒரே தப்புதான், ஆள்தான் வேறே.

வீட்டில் அம்மா தினமும் கேட்டாள். "நாளைக்கு உண்டா?" அந்த மாதம் முழுக்க "உண்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வாரம் அதைச் சொல்லும்போது குரல் இறங்கியது. அவள் அதையும் கவனித்திருப்பாள். தட்டில் எனக்குப் பிடித்த வெஞ்சனத்தை இன்னொரு கரண்டி வைத்தாள், அவ்வளவுதான்.

மாதக் கடைசி நாள் பெரிய முகூர்த்தம். கடைக்குள் நுழைந்ததும் பார்த்தேன். என் மேஜைக்கு எதிரே மெத்தை வைத்த புது நாற்காலி ஒன்று போட்டிருந்தது. என் நாற்காலி சுவரோரம் தள்ளிக் கிடந்தது. முதலாளி பல்லெல்லாம் தெரிய, "டீச்சர், உங்களுக்குத்தான். சாயந்திரம் உங்க சென்டருக்குப் போன் போட்டுப் பேசிடுறேன்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. அந்த நேரம் பார்த்து இரண்டு வண்டி கிளம்ப வேண்டும், இரண்டும் தாடிக்கொம்புக்கு. ஒன்று காதுகுத்து வீடு. முதல் நாளே போக வேண்டிய சீரியல் லைட்டும் வணக்கம் பொம்மையும் 'நல்வரவு' வளைவும் நெருக்கடியில் அன்று காலையில்தான் ஏறின. இன்னொன்று அதற்கு அடுத்த தெருவில் ஒரு துக்க வீடு. தொண்ணூறு வயதுப் பெரியவர் விடியற்காலையில் போய்ச் சேர்ந்திருந்தார். அங்கே ஐஸ் பெட்டி. இரண்டு லோடிலும் ஷாமியானாவும் சேரும் உண்டு. நான் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு சீட்டு எழுதினேன். புது நாற்காலியை முறைத்துக்கொண்டே கொடுத்தேன். வண்டிகள் போய்விட்டன.

அரை மணி நேரம் கழித்துப் போன் அடித்தது. முதலாளி ஸ்பீக்கரில் போட்டார். துக்க வீட்டிலிருந்து பெரியவரின் மகன் பேசினார். குரலில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். "ஏங்க, வாசல்ல கும்புடுற பொம்மைய நிறுத்தி, நல்வரவுன்னு லைட்டு போடுறாங்களே உங்க ஆளுக. வந்தவுகள எங்க அப்பா எந்திரிச்சு வந்து வாங்கன்னு கேக்கணுமா?" பின்னால் யாரோ சிரிப்பை அடக்குவதும் கேட்டது. கல்யாணச் சாவுதானே.

முதலாளிக்கு வேர்த்தது. பொம்மை அங்கே என்றால் ஐஸ் பெட்டி எங்கே? எங்கே இருக்கும்! லோடுமேனுக்குப் போன் போட்டார். எடுத்ததுமே அந்தப் பக்கம் மேளமும் நாலைந்து பேர் கத்துவதும் கேட்டது. "ஏலே! காதுகுத்து வீட்டுல ஐஸ் பெட்டிய எறக்குனியா?" என்று முதலாளி அலறினார். "எறக்கிட்டேன் மொதலாளி. பந்தல் இருந்துச்சு, கூட்டம் இருந்துச்சு, ஒரு பொம்பள தேம்பித் தேம்பி அழுதுக்கிட்டும் இருந்துச்சு. சரியான எடம்தான்னு நெனச்சேன்" என்றார் லோடுமேன். அழுதது பிள்ளையைப் பெற்றவள். அப்போதுதான் பிள்ளைக்கு முதல் காது குத்தியிருந்தார்கள். பிள்ளை வீறிட, தாயும் சேர்ந்து அழுதிருக்கிறாள். அந்த நேரத்தில் தாய்மாமன் சீர்த்தட்டோடு வந்த வழியை மறித்து நாலு பேர் ஐஸ் பெட்டியை இறக்கியிருக்கிறார்கள்.

முதலாளி போனிலேயே இரண்டு வண்டிகளையும் தெருமுனைக்கு வரவைத்துச் சாமானை மாற்றச் சொன்னார். பிறகு போனை வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். முகம் செக்கச்செவேலென்று இருந்தது. "சீட்டு எழுதுனது யாரு?"

டீச்சர் சட்டென்று எழுந்தாள். "நான்தான் சார். என் தப்புதான். என்னைய அனுப்பிருங்க சார், நான் நாளையிலேருந்து வரல." சொல்லும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஒரு வாரமாகத் தேடியது கிடைத்துவிட்டதே. எனக்கும் ஒரு நொடி ஆசை வந்தது, பொய் சொல்லமாட்டேன். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் அவள் போய்விடுவாள். வேலை எனக்கு.

முதலாளி மூச்சை இழுத்து விட்டார். "அட, விடுங்க டீச்சர். புதுசுல இப்படி நடக்குறதுதான். நான் பேசிச் சமாளிச்சுக்கிறேன்" என்றார்.

ஐஸ் பெட்டிக்கும் மன்னிப்பா! இதற்கு மேல் ஒரு தப்பு இந்தத் தொழிலில் கிடையாது. எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். "பொய். நான்தான் எழுதினேன். என் கையெழுத்து கோழி கிறுக்குன மாதிரி இருக்கும், வேணும்னா சீட்ட வாங்கிப் பாருங்க."

அவர் என்னைப் பார்த்தார். முகத்திலிருந்த சிவப்பு இறங்கியது. அந்தக் குரல் வந்தது. "சரி, சரி, பரவால்ல. டீச்சர், அவங்க ரொம்ப பதட்டமா இருக்காங்க, தண்ணி குடுங்க. ஆட்டோ பிடிச்சு வீட்டுல கொண்டுபோய் விட்டுருங்க."

முடிந்தது. செருப்பு வாசலில்தான் கிடந்தது. ஆனால் நான் நகரவில்லை. "மொதலாளி. லோடுமேன் அண்ணே ஒரு ஜல்லிக்கரண்டிய தொலைச்சதுக்குப் பூட்டன் வரைக்கும் போனீங்க. நான் காதுகுத்துக்கு ஐஸ் பெட்டி அனுப்பியிருக்கேன். எனக்கு ஒண்ணும் கிடையாதா?"

இதைச் சொல்லி முடிக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? நடுவில் 'ஜல்லிக்கரண்டி' வேறு. அவர் வழக்கம்போல டீச்சரைப் பார்த்தார், அவள் எடுத்துச் சொல்வாள் என்று. டீச்சர் அவரைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி மேலே சுற்றுகிற பேனைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அதில் என்னமோ இருக்கிற மாதிரி. அவர் "டீச்சர்" என்றார். அவள் பேனையே பார்த்தாள். அந்த ஒரு மாதத்தில் அவள் எனக்குச் செய்த உதவிகளிலேயே பெரியது அதுதான். இன்றைக்கும் அதை நினைத்தால் அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

வேறு வழியில்லாமல் முதலாளி என் பக்கம் திரும்பினார். "என்னம்மா சொன்ன?" என்றார். நான் முதலிலிருந்து மறுபடி சொன்னேன். அவர் நின்று கேட்டார். பாதியில் போன் அடித்தது. தாய்மாமன். ஸ்பீக்கர் அணைக்கப்படாமல் இருந்ததால் அவர் பேசியதை நாங்கள் எல்லாரும் கேட்டோம், எதிர்த்த பலசரக்குக் கடைக்காரரும் கேட்டார். அதையெல்லாம் இங்கே எழுத முடியாது. முதலாளியின் பூட்டன் வரைக்கும் அவரும் போனார் என்பதை மட்டும் சொல்கிறேன். போனை வைத்தபோது முதலாளியின் காது மடலெல்லாம் சிவந்திருந்தது. இந்தத் தடவை அது இறங்கவில்லை.

"ஏம்மா! ரெண்டே ரெண்டு சீட்டு, அத ஒழுங்கா எழுதத் துப்பில்லையா ஒனக்கு? கண்ண எங்க கழட்டி வச்சிருந்த?"

"கோவத்துல இருந்தேன். நாற்காலிய..."

"கோவமா? யாருக்கு இல்ல கோவம்? எனக்கு இல்லையா? கோவம் வந்தா பின்னாடி போயி பெரிய அண்டாவுக்குள்ள தலைய விட்டுக் கத்து, நான் அப்படித்தான் செய்யிறேன்! சீட்டுலயா காட்டுவ? பச்சப்புள்ள காது குத்துற எடத்துல ஐஸ் பெட்டி! இனி அந்த வம்சத்துல எவனாச்சும் நம்ம கடைப்பக்கம் எட்டிப் பாப்பானா? பி.காம். படிச்சியா, இல்ல பி.காம். படிச்ச கட்டடத்துக்குப் பக்கத்துல நின்னியா? நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு டான்னு வந்து நிக்கிற. ரெண்டு வீட்டுக்கும் நீயே போனப் போட்டு மன்னிப்புக் கேக்குற. எம்புட்டு நேரம் ஆனாலும் முழுசாக் கேக்குற. இனிமே தெனமும் சீட்டு எழுதுனதும் என்கிட்ட வாசிச்சுக் காட்டிட்டுத்தான் வண்டி நகரணும். தெனமும்! வெளங்குச்சா?"

"வெளங்குச்சு" என்றேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. சிரிப்பும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் என் முகம் என்ன கோலம் ஆகும் என்று எனக்கே தெரியாது. அவர் அதைப் பார்த்துக் கொஞ்சம் தடுமாறினார். "என்ன பல்லக் காட்டுற? போயி அந்தக் கரண்டிய எண்ணு" என்று அதற்கும் சேர்த்து ஒன்று போட்டார்.

டீச்சர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சார், எனக்கு அங்க வேலை இருக்கு. நான் இங்க சேரல. இது அக்காவோட வேலை" என்றாள். ஒரு வாரமாக அவள் வாய்க்குள்ளேயே கிடந்தது கடைசியில் வெளியே வந்தது. முதலாளி அந்தப் புது நாற்காலியைப் பார்த்தார். பிறகு, "சரிங்க டீச்சர். நீங்க கிளம்புங்க, பாவம், ரொம்ப தூரம் போகணும். எதுவும்னா நாங்க சொல்லி அனுப்புறோம்" என்றார், தேனாக. நான் கரண்டி எண்ணுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். அந்தக் குரல் இப்போது என்னிடம் பேசவில்லை.

சாயங்காலம் லோடுமேன் திரும்பி வந்து தன் பங்கு திட்டை வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்தார். "எனக்கு இன்னைக்குப் பாதிதான் கெடச்சுச்சு தாயி. மீதிய நீ வாங்கிட்டியாமே" என்று, கையோடு வாங்கி வந்திருந்த வாழைக்காய் பஜ்ஜியில் ஒன்றை நீட்டினார். நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

வீட்டுக்குப் போனேன். அம்மா அடுப்படியில் இருந்தாள். என் கண் வீங்கியிருந்ததைப் பார்த்துவிட்டாள். ஒரு மாதமாக "நாளைக்கு உண்டா?" என்று கேட்டவள், அன்றைக்குப் பார்த்து, பயந்துபோய்க் கேட்காமல் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"முதலாளி திட்டிட்டாரும்மா" என்றேன்.

கரண்டியோடு திரும்பினாள். "எம்புள்ளையவா? அந்தாளு யாரு என் புள்ளையத் திட்ட? நான் வந்து கேக்குறேன் இரு."

"நீ வந்தா உன்னையும் சேத்துத் திட்டுவாரு" என்றேன். "ஏழு மணிக்கே வரச் சொல்லியிருக்காரு. காலையில சீக்கிரம் எழுப்பி விடு."